உருமாறும் இடைமுகங்கள்: தொடுபவருக்கு அச்சம் வராமல் அமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின்விறாந்தையில் இயங்கும் எங்கள் சிறிய பட்டறையில், 144 கோல்கள் ஏறி இறங்கும் மேசை ஒன்றை உருவாக்கி வருகிறோம். குடாநாட்டுக் கிணறுகளின் நீர்மட்டம் மாரியிலும் கோடையிலும் எப்படி மாறுகிறது என்பதைப் பாடசாலைப் பிள்ளைகள் கையால் தடவி அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். மேசையைப் பார்க்க வந்த ஆசிரியர்கள், பொறியியல் மாணவர்கள், பெற்றோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே தந்திருக்கிறோம்.

உருமாறும் இடைமுகம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கணினி தரும் தகவலைத் தன் வடிவத்தை மாற்றிக் காட்டுகின்ற, அல்லது பயன்படுத்துபவரின் தேவைக்கேற்பத் தானே வடிவம் மாறுகின்ற பொருளை இப்பெயரால் குறிக்கிறோம். அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹிரோஷி இஷியின் குழுவினர் 2013 இல் வெளியிட்ட ‘இன்ஃபோர்ம்’ என்ற மேசை பலரும் காணொளியில் பார்த்த உதாரணம். அதில் 30க்கு 30 ஆக 900 கோல்கள் உள்ளன, ஒவ்வொன்றும் 10 சென்ரிமீற்றர் வரை எழக்கூடியது. பார்வையற்றோர் கணினியுடன் பயன்படுத்தும், புள்ளிகள் எழுந்து தாழ்ந்து எழுத்தாகும் பிரெயில் காட்டியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. பொத்தானை அழுத்தினால் தலைப்பகுதி உயரும் வைத்தியசாலைக் கட்டிலையும் நாங்கள் இதில் சேர்த்துக்கொள்கிறோம், ஏனெனில் கட்டில் கற்றுத்தந்த பாதுகாப்புப் பாடங்கள் மேசைக்கும் பொருந்துகின்றன.

பாதுகாப்பாக இருப்பதும் பாதுகாப்பாக உணர்வதும் ஒன்றுதானே?

ஒன்றாக இருந்திருந்தால் இந்தப் பக்கத்துக்கே தேவை இருந்திராது. எவருக்கும் தீங்கு செய்ய முடியாத அளவுக்கு வலுக்குறைந்த கருவிகூட, எதிர்பாராத நேரத்தில் ‘டக்’ என்று துள்ளினால், தொட்டவர் கையை இழுத்துக்கொள்வார். அதன் பிறகு எத்தனை விளக்கம் சொன்னாலும் அவருடைய கை தயங்கிக்கொண்டே இருக்கும். மறுதலையாக, ஓசையின்றி மெல்ல அசைந்து, மிருதுவான துணியால் மூடப்பட்டு, பார்க்க அடக்கமாக இருக்கும் ஒரு கருவி உள்ளே கையைச் சுடும் வெப்பத்தையோ விரலை நெரிக்கும் விசையையோ வைத்திருக்கலாம். இரண்டாவது வகைதான் எங்களுக்குக் கூடுதலான கவலை தருவது. ஆகவே வேலையின் ஒழுங்கு மாறக்கூடாது: முதலில் உண்மையான ஆபத்தை அகற்ற வேண்டும், அதற்குப் பின்னரே அந்த உண்மையைக் கைக்குப் புரியும்படி காட்ட வேண்டும். ஆபத்தை அப்படியே வைத்துக்கொண்டு உணர்வை மட்டும் இதமாக்குவது ஏமாற்று வேலை.

எங்கள் பட்டறையில் எல்லா முடிவுகளுக்கும் ஒரே அளவுகோலை வைத்திருக்கிறோம். கைக்கும் கருவிக்கும் இழுபறி வந்தால் கை வெல்ல வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையின் கையும்தான்.

கை வெல்வதற்குக் கருவியின் விசை எவ்வளவாக இருக்கலாம்?

பலர் இங்கே எண்களைப் பார்க்காமலே மோட்டரை வாங்கிவிடுகிறார்கள். மாணவர் செயற்றிட்டங்களில் அதிகம் காணப்படும் எஸ்ஜி90 என்ற சிறிய செர்வோ மோட்டர் (கட்டளையிட்ட கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டர்) 4.8 வோல்ற்றில் 1.8 கிலோகிராம்-சென்ரிமீற்றர் முறுக்கத்தைத் தருகிறது. அதன் கரம் 2 சென்ரிமீற்றர் நீளமானால் நுனியில் ஏறத்தாழ 0.9 கிலோகிராம் எடைக்கு நிகரான தள்ளுதல், அதாவது கிட்டத்தட்ட 9 நியூட்டன் கிடைக்கும். அதே இடத்தில் உலோகப் பற்சில்லுகள் கொண்ட எம்ஜி996ஆர் மோட்டரைப் பூட்டினால் அது 46 நியூட்டனுக்கு உயர்ந்துவிடும். கரத்தைப் பாதியாக்கினால் விசை இரட்டிப்பாகும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, இன்ஃபோர்ம் மேசையின் ஒரு கோல் தரும் விசை ஏறத்தாழ 1 நியூட்டன் மட்டுமே.

மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோக்களுக்காக சர்வதேச நியம நிறுவனம் (ஐஎஸ்ஓ) 2016 இல் வெளியிட்ட ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 என்ற ஆவணம், உடல் இரண்டு பரப்புகளுக்கிடையே அகப்படும்போது முகத்துக்கு 65 நியூட்டனையும் கைக்கும் விரலுக்கும் 140 நியூட்டனையும் உச்ச வரம்பாகத் தருகிறது. மின்தூக்கியின் கதவு மூடுவதைத் தடுக்கத் தேவைப்படும் விசை 150 நியூட்டனைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய நியமம். இந்த எண்களைக் காட்டி, “எங்கள் கோல் 46 நியூட்டன்தானே, வரம்புக்கு உட்பட்டதுதானே” என்று வாதிட்ட மாணவர்கள் உண்டு. ரோபோ ஆவணத்தின் எண்கள் வயதுவந்த தொழிலாளியின் உடலில் வலி தொடங்கும் இடத்தை ஒட்டி வகுக்கப்பட்டவை. பிள்ளைகள் விளையாட்டாகக் கையை விரித்து வைக்கும் மேசைக்கு வலியின் வாசலை இலக்காகக் கொள்வது முறையாகாது. நாங்கள் ஒவ்வொரு கோலுக்கும் அதன் மோட்டரின் கரத்துக்கும் இடையே ஒரு சுருள்வில்லைச் செருகி, 3 நியூட்டனுக்கு மேல் தள்ளினால் வில் சுருங்கும்படி செய்திருக்கிறோம். மலிவான செர்வோ மோட்டருக்கு முறுக்கத்தைக் குறைக்கும் கட்டளை எதுவும் கிடையாது. தடைப்பட்டால் அது தன் முழு வலுவோடும் தொடர்ந்து முட்டிக்கொண்டே நிற்கும். அதனால் இந்தப் பாதுகாப்பை மென்பொருளிடம் ஒப்படைக்காமல் வில்லிடம் ஒப்படைத்தோம். வில்லுக்கு நிரல்வழு வருவதில்லை.

விசையோடு பரப்பையும் பார்க்க வேண்டும். 3 நியூட்டன் தட்டையான கோல்தலையால் வந்தால் தட்டுவதுபோல் இருக்கும், கூரிய விளிம்பால் வந்தால் குத்தும். விளிம்புகளை உரத்தாளால் தேய்த்து உருட்டுவதற்கு நாங்கள் செலவிட்ட மூன்று மாலைப்பொழுதுகள் மின்சுற்றுக்குச் செலவிட்ட எந்த மூன்று மாலைகளையும் விடப் பயனுள்ளவை.

விரல் இடுக்கில் அகப்படாமல் இடைவெளிகளை எப்படித் தீர்மானிப்பது?

இடைவெளி மிகச் சிறியதாக இருக்க வேண்டும், அல்லது மிகப் பெரியதாக இருக்க வேண்டும். நடுவில் இருப்பதுதான் ஆபத்தானது. விளையாட்டுப் பொருள்களின் பாதுகாப்பு நியமத்தில் இதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு: அசையும் இரண்டு பாகங்களுக்கிடையே 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள தண்டு நுழையுமானால், 12 மில்லிமீற்றர் தண்டும் நுழைய வேண்டும். பிள்ளையின் விரல் புகவே முடியாது, அல்லது புகுந்தாலும் நசுங்காது என்பதே அதன் பொருள். பெரிய இயந்திரங்களுக்கான ஐஎஸ்ஓ 13854, நசுங்காதிருக்க விரலுக்கு 25, கைக்கு 100, புயத்துக்கு 120 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும் என்கிறது.

எங்கள் கோல்களுக்கிடையே 2 மில்லிமீற்றரே இருந்தது. விரலைப் பற்றிய கவலை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். முதல் செயல்விளக்க நாளன்று ஓர் ஆசிரியை வலது உள்ளங்கையை மேசையில் பதித்து, கூரை ஓட்டுப்பக்கம் இருந்து வெளிச்சம் விழுந்த மூலையில் கிணற்று நீர் மேலேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மணிக்கட்டில் தளர்வான தங்கக் காப்பு ஒன்று மேசையைத் தொட்டபடி சாய்ந்து கிடந்தது. ஒரு கோல் எழுந்தபோது அது காப்பின் வளையத்துக்குள்ளே, மணிக்கட்டுக்கும் தங்கத்துக்கும் இடையே இருந்த வெற்றிடத்தில் நுழைந்து நின்றது. வலி எதுவும் இல்லை, விசையும் அற்பமே. ஆனால் அவர் கையைப் பக்கவாட்டில் எடுக்க முயன்றபோது கை வரவில்லை. முளையில் கட்டிய கன்றைப்போல அந்த ஒரு கோலோடு கை கட்டுண்டு நின்றது. கோலை இறக்கியதும் சிரித்துக்கொண்டே “ஒண்டுமில்லை” என்றார்; ஆனால் அதன் பிறகு விடைபெறும் வரைக்கும் அந்தக் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தார்.

நியமங்கள் விரலை அளக்கின்றன. விரலைச் சுற்றி மனிதர் அணிந்திருப்பவற்றை அந்தந்த ஊரில் இருப்பவர்தான் அளக்க வேண்டும். இப்போது எங்கள் சோதனைப் பெட்டியில் தண்டுகளோடு ஒரு காப்பும், ஒரு நீண்ட சங்கிலியும் (குனிந்தால் தாலிக்கொடி மேசையில் விழும்), ஒரு துண்டுச் சேலைத் தலைப்பும், கேதார கௌரி விரதம் முடிந்து மணிக்கட்டில் கட்டும் நூலைப் போன்ற ஒரு நூலும் இருக்கின்றன. கை வைக்கும் விளிம்புப் பகுதியில் கோல்கள் 1 சென்ரிமீற்றருக்கு மேல் எழாதபடியும் மாற்றிவிட்டோம்.

அசைவு எப்படி இருந்தால் பதகளிப்பு வராது?

மனிதக் கை ஒரு பொருளை எட்டி எடுக்கும்போது மெல்லத் தொடங்கி, நடுவழியில் வேகம் கொண்டு, மெல்ல முடிகிறது. ஃபிளாஷ், ஹோகன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1985 இல் இதைக் கணிதமாக்கினார்கள்: முடுக்கம் மாறும் வீதம் முழுப் பாதையிலும் மிகக் குறைவாக இருக்கும்படி கை நகர்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். இதை நிரலில் எழுதுவது எளிது. அசைவுக்கென ஒதுக்கிய நேரத்தில் கடந்துபோன பங்கை எடுத்து, அதன் மூன்றாம் அடுக்கின் 10 மடங்கோடு ஐந்தாம் அடுக்கின் 6 மடங்கைக் கூட்டி, நான்காம் அடுக்கின் 15 மடங்கைக் கழித்தால், கோல் அந்தக் கணத்தில் எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும் என்பது கிடைத்துவிடும். இப்பாதையில் உச்ச வேகம் சராசரி வேகத்தின் 1.875 மடங்கு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 5 சென்ரிமீற்றரை ஒரு செக்கனில் ஏறும் கோல் நடுவில் செக்கனுக்கு 9.4 சென்ரிமீற்றர் வேகத்தை அடைகிறது.

மெதுவாக அசைந்தால் எப்போதும் நல்லது என்ற எண்ணம் தவறு. நகர்கிறதா நிற்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மந்தமாக எழும் கோலைத் தொட்டவர்கள், திடீரென்று அது வேறிடத்தில் இருப்பதைக் கண்டு திடுக்கிட்டார்கள். அசைவு தெரிய வேண்டும், அசைவதற்கு முன்னரும் தெரிய வேண்டும். கோவில் தேர் வடம்பிடிக்கும் கணத்தில் அரோகரா ஒலி எழுவதும், வீதியில் நிற்பவர்கள் தாமாகவே ஒதுங்குவதும், அத்தனை பாரம் அருகில் உருண்டாலும் கூட்டம் பதறாததும் நாம் ஆண்டுதோறும் காண்பதுதான். எங்கள் மேசையில் எழப்போகும் கோல்கள் அரைச் செக்கன் முன்னதாக 2 மில்லிமீற்றர் மட்டும் எழுந்து தாழ்கின்றன. பார்வை வேறெங்கோ இருந்தாலும் உள்ளங்கைக்கு அது எட்டுகிறது.

தொட்டவுடன் கருவி நின்றுவிட்டால் போதாதா?

நிற்பதோடு முடிந்தால் அகப்பட்ட விரல் அகப்பட்டபடியே இருக்கும். பின்வாங்க வேண்டும். தொட்டாற்சுருங்கியைத் தொட்டுப் பார்க்காத பிள்ளை நம்மூரில் இருக்க மாட்டாது. முள் இருக்கும் செடி என்று தெரிந்தும் அதை அஞ்சாமல் மீண்டும் மீண்டும் தொடுவதற்குக் காரணம், தொட்டதும் அது ஒடுங்கிப்போவதுதான். வில் சுருங்குவதை ஒரு சிறிய உணரியால் அறிந்ததும், தடைப்பட்ட கோல் மட்டுமன்றி அதைச் சுற்றியுள்ள எட்டுக் கோல்களும் சேர்ந்து இறங்குகின்றன.

சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானும் வேண்டும். மஞ்சள் பின்னணியில் சிவப்புக் குமிழ் என்பது உலகெங்கும் ஒரே வழக்கம். அகப்படாத மற்றக் கைக்கு எட்டும் தூரத்தில், மேசையின் இரு பக்கமும் வைத்திருக்கிறோம். புதிதாக வருபவருக்கு மேசையைக் காட்டுமுன் அவரையே ஒருதரம் அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்வது எங்கள் வழக்கம். தன் கையால் ஒருமுறை நிறுத்திப் பார்த்தவர் மேசைக்கு அருகில் நிற்கும் விதமே வேறு.

மின்வெட்டு வந்தால் என்ன ஆகும்?

இலங்கையில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எதையும் வடிவமைக்கக்கூடாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போதும் மழைக்காற்றுக்கு ஒரு நொடி போய் வருவது வழமைதான்.

மின்சாரம் போகும் கணத்தில் கருவி என்ன செய்ய வேண்டும் என்பது அதன்மேல் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கை வைக்கும் மேசையில் கோல்கள் தம் எடையாலேயே மெல்ல இறங்கிவிடுவது நல்லது. ஒருவர் சாய்ந்திருக்கும் கதிரையோ கட்டிலோ ஆனால் அது இருந்த நிலையிலேயே பூட்டப்பட்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் சரிந்துவிடுவார்.

உண்மையில் மின்சாரம் திரும்பி வரும் கணமே கூடுதல் ஆபத்தானது. மலிவான செர்வோ மோட்டர் தான் எங்கே நிற்கிறது என்பதைக் கட்டுப்படுத்தும் பலகைக்குச் சொல்வதில்லை. மின்சாரம் கிடைத்து முதற் கட்டளை வந்ததும் ஒரே பாய்ச்சலில் அந்த இடத்துக்குத் தாவும். இருட்டில் மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பவரின் கை அப்போது அதன்மேல் இருக்கலாம். இதற்கான தீர்வு தோட்டக்காரருக்கு நெடுங்காலமாகத் தெரிந்ததுதான். கிணற்றடியில் இருக்கும் நீரிறைக்கும் மோட்டரின் ஸ்ராட்டர், மின்சாரம் போனதும் விடுபட்டுவிடும். மின்சாரம் வந்தாலும் யாராவது போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தும் வரை மோட்டர் ஓடாது. நாங்கள் அதே முறையில் ஒரு ரிலேயை (மின்னால் இயங்கும் ஆளியை) பூட்டி, மோட்டர்களுக்கான மின்வழியை மனிதர் ஒருவர் மீண்டும் இணைக்கும் வரை துண்டித்தே வைக்கிறோம்.

இறப்பராலும் துணியாலும் செய்த மென்மையான கருவிகள் இயல்பாகவே பாதுகாப்பானவை அல்லவா?

நசுக்குவதைப் பொறுத்தவரை பெருமளவுக்கு ஆம். ஆனால் துணியை அசைக்கப் பலர் பயன்படுத்தும் வடிவநினைவு உலோகக் கம்பி சூடேறினால்தான் சுருங்கும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் வகைகள் 70 அல்லது 90 பாகை செல்சியசில் இயங்குபவை. நெடுநேரம் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு 43 பாகையைத் தாண்டக்கூடாது என்பது எரிகாயம் பற்றிய நியமத்தின் வரம்பு. சித்திரை வெயிலில் அறையே 33, 34 பாகையில் இருக்கும்போது அந்தக் கம்பி ஆறுவதற்கும் நேரம் எடுக்கும். கம்பிக்கும் தோலுக்கும் இடையே வெப்பங்கடத்தாத படை இல்லாமல் அதை உடையில் தைக்க வேண்டாம்.

காற்றால் ஊதும் கருவிகளில் வேறொரு விடயம் உண்டு, அதை வெளிநாட்டுக் கையேடுகளில் நாங்கள் காணவில்லை. வால்வு திறந்து காற்று வெளியேறும்போது எழும் ‘டப்’ என்ற ஒலி, போர்க்காலத்தில் வாழ்ந்தவர்களின் உடலை அவர்கள் விரும்பாமலே குலுக்கிவிடுகிறது. எங்களிடம் வந்த ஒரு முதியவர் அந்தச் சத்தத்துக்குக் குனிந்தே விட்டார். வெளியேறும் வாயில் ஓர் ஒலியடக்கியைத் திருகினால் அந்த ஒலி பெருமூச்சாக மாறிவிடும், செலவும் சொற்பம்.

கையில் உணர்வு குறைந்தவர்களுக்கு என்ன ஏற்பாடு?

நீரிழிவால் விரல் மரத்தவர்களும், செயற்கைக் கை அணிந்தவர்களும் நெரிபடுவதை உணர மாட்டார்கள். ஆகவே ‘வலித்தால் கையை எடுப்பார்’ என்ற எதிர்பார்ப்பின்மேல் எதையும் கட்டக்கூடாது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் செயற்கை உறுப்புகளைப் பொருத்தி வருகிறது என்பதே இங்கே இவர்கள் அரிதானவர்கள் அல்லர் என்பதைச் சொல்லும். முன்னறிவிப்பு தொடுகை, ஒலி, ஒளி ஆகிய மூன்றிலும் வர வேண்டும்.

தொலைவில் இருக்கும் ஒருவர் இந்த மேசையை இயக்க முடியுமா?

முடியும், ஆனால் மேசைக்கு அருகில் இருப்பவர் இணங்கினால் மட்டுமே. 2018 இல் வந்த விவோ நெக்ஸ் கைத்தொலைபேசியில் முன்பக்கக் கமெரா மேலே எழும்பி வரும். சில செயலிகளைத் திறந்தபோது கேட்காமலே அது எழுந்ததைக் கண்டுதான் அவை கமெராவை நாடுவது பலருக்குத் தெரியவந்தது. அசைவு அங்கே உண்மையைக் காட்டிக்கொடுத்தது. எங்கள் மேசையில் தொலைவிலிருந்து கட்டளை வரும் நேரமெல்லாம் விளிம்பில் ஒரு நீல விளக்கு எரியும், அருகில் உள்ளவரின் ஆளி அதைத் துண்டிக்கும்.

பயனர் உண்மையிலேயே அச்சமின்றி இருக்கிறாரா என்பதை எப்படி அறிவது?

ரோபோ ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ‘கோட்ஸ்பீட்’ வினாக்கொத்தில் (2009) பாதுகாப்புணர்வுக்கென ஒரு பகுதி உண்டு. பதற்றமா நிதானமா என்பன போன்ற எதிரிணைகளுக்கிடையே ஐந்து புள்ளிகளில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். அதை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தபோது எல்லாரும் ஐந்துக்கு ஐந்து இட்டார்கள். விருந்தோம்பியவரின் மனம் கோணக்கூடாது என்ற பண்பு நம்மவர்களிடம் அவ்வளவு ஆழமானது. “அந்தரமாய் இருந்ததோ?” என்று கேட்ட பிறகுதான் வாய் திறந்தார்கள். பதற்றம் என்பது பரீட்சைக்கும் நோய்க்கும் உரிய சொல்லாகப் படுகிறது. அந்தரம் என்றால் வெட்கப்படாமல் ஒப்புக்கொள்ளலாம்.

சொல்லைவிடக் கை நம்பகமானது. முதல் முறை தொட்ட பிறகு இரண்டாம் முறை தொட எவ்வளவு நேரம் எடுக்கிறார், விரல்நுனியை மட்டும் வைக்கிறாரா உள்ளங்கையையே பதிக்கிறாரா, முழங்கை மேசையில் சாய்கிறதா, பேசிக்கொண்டே தொடுகிறாரா என்பவற்றைக் குறித்துக்கொள்கிறோம். மேசையைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டே ஒருவர் தடவினால், அன்றைய வேலை நன்றாக நடந்தது என்று கொள்வோம்.

குறைந்த செலவில் எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரு கோல், ஒரு எஸ்ஜி90 மோட்டர், மோட்டருக்குக் கட்டளையிடும் ஓர் ஆர்டுயினோ பலகை, பழைய பேனாவில் இருந்து கழற்றிய ஒரு சுருள்வில், சமையலறை இலத்திரன் தராசு. கோலைத் தலைகீழாகப் பிடித்துத் தராசைத் தள்ளவிடுங்கள்; 100 கிராம் காட்டினால் ஏறத்தாழ 1 நியூட்டன். 300 கிராமைத் தாண்டினால் வில்லை மாற்றுங்கள். பிறகு மின்சாரத்தைப் பத்துத் தடவை நிறுத்திப் போட்டு, கோல் துள்ளுகிறதா என்று பாருங்கள். அதற்கும் பிறகு வீட்டில் காப்பு அணிந்த ஒருவரை அழைத்து, என்ன செய்யப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, கையை வைக்கச் சொல்லுங்கள்.